வெயிலில் செத்தவரை எண்ணுவது யார்?

வெயில் எல்லோருக்கும் தெரியும். 'வெப்ப அலை' அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். வானிலைத் துறையின் பொதுவான வரையறைப்படி சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37 டிகிரியாவது தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவும் வேண்டும். அதற்குக் கீழே காய்ந்து விழுந்தால் அது வெறும் வெயில், விழுந்தவர் பாடு. இப்படியொரு கோட்டைக் கிழிப்பதே ஓர் அரசியல் செயல் என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

ஒரு கோடையில் அலுவலகமொன்றில் நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏ.சி. அறை. அதிகாரி திரையில் வரைபடம் காட்டி முடித்ததும் சித்தாள் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் எழுந்தார். "சார், முப்பத்தஞ்சு டிகிரியிலயே எங்களுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஒதுங்க எடமில்லேன்னு தண்ணியே குடிக்கிறதில்லே. ஒங்க படத்துல அது எங்க இருக்கு?" அதிகாரி கெட்டவரல்ல, குறித்துக்கொண்டார். பின்னால் வந்த அறிக்கையில், 'பொதுமக்கள் போதிய நீர் அருந்த வேண்டும்' என்றிருந்தது. கேள்வி அறிவுரையாக மாறிவிட்டது. கழிப்பறை கட்டித்தர வேண்டியவரின் பொறுப்பு, தாகமெடுத்தவரின் பொறுப்பாகக் கைமாறிவிட்டது.

அந்த அம்மா சொன்னது விஞ்ஞானம்தான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது காய்வதில்லை. வேலை செய்கிற தசை உள்ளேயிருந்தும் சூட்டைக் கிளப்புகிறது. வானிலை நிலையத்தின் வெப்பமானியோ நிழலில், கூண்டுக்குள் இருக்கிறது. செங்கல் சுமக்கிறவர் வெளியே நிற்கிறார். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் ஆபத்து இரு மடங்காக இருந்தது.

சரி, அரசை எது அசைக்கும்? அகமதாபாத்தைப் பார்க்கலாம். 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரிக்குப் போனது. 'வெயிலால் இறந்தார்' என்று சான்றிதழ் பெற்றவர்களை மட்டும் ஆய்வாளர்கள் எண்ணவில்லை. அந்த மாத மொத்தச் சாவுகளை முந்தைய ஆண்டு, அடுத்த ஆண்டு மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாகச் செத்திருந்தார்கள். மாரடைப்பு, சிறுநீரகம், 'வயசாயிடுச்சு' என்ற பெயர்களில் கலைந்துபோயிருந்த பிணங்கள் ஒரே எண்ணாகத் திரண்டு வந்தன. 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அந்த நகரத்தில் பிறந்தது: முன்னெச்சரிக்கை, தண்ணீர்ப்பந்தல், மருத்துவமனைகளுக்குப் பயிற்சி. எண்ணும் முறையை மாற்றியதுதான் அங்கே தொடக்கம்.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டியதே. ஆனால் தகரக்கூரைக்கடியில் ராத்திரி நெஞ்சடைத்துப் போனவரை எந்தக் காகிதம் வெயிலோடு சேர்க்கும்? வாரிசு நிரூபிக்க வேண்டுமென்றால் நிவாரணம் படித்தவர் கைக்குத்தான் போகும்.

இன்னொன்று. குளிர்ச்சியிலும் வர்க்கம் உண்டு. ஏ.சி. தன் அறையின் சூட்டைத் தெருவுக்குத் தள்ளுகிறது. அதை ஓட்டும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது, சாம்பல் எண்ணூர்க்காரர்களுக்கு. காலநிலை, ஆரோக்கியம், சமத்துவம் என்று மூன்று துறைகளாகப் பிரித்து வைத்திருப்பதெல்லாம் இந்த ஒரே கம்பியில் மாட்டியிருக்கிறது. 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டுமென்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது. அதை யாரும் காலநிலைக் கொள்கை என்று சொல்லவில்லை. வேலை செய்கிற உடம்பைக் கணக்கில் எடுத்த கொள்கை அது. மதிய வேலைநேரத்தை மாற்றுவது, அந்த நேரத்துக்குக் கூலியை வெட்டாமலிருப்பது, வேலையிடத்தில் கழிப்பறை, வெள்ளையடித்த கூரை எல்லாம் அந்த வரிசையில் வருபவை.

கொள்கை வகுப்போருக்கு நாம் செய்யக்கூடிய உதவி, கேள்வியை அறிவுரையாக மாற விடாமல் அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பது. அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா வரவில்லை. விசாரித்தால், "ஒரு நாள் கூலி போயிடும்ல" என்றார். கூட்டத்துக்கு வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடு என்று கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.