சிக்கன் டின்னரா, பூயாவா? உங்கள் வீட்டில் ஓடுவது எந்த கேம்?

இரவு எட்டரை மணி. தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்கிறது. "சாப்பிட வாடா" என்று அம்மா மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார். "ஒரே நிமிஷம்மா, லாஸ்ட் சோன்!" என்று அறைக்குள்ளிருந்து பதில் வருகிறது. அந்த ஒரு நிமிஷம் நிஜத்தில் எவ்வளவு நேரம் என்பது, பிள்ளையின் கையில் ஓடுவது எந்த கேம் என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். ஜெயித்ததும் "சிக்கன் டின்னர்!" என்று கத்தினால் பிஜிஎம்ஐ. "பூயா!" என்று கத்தினால் ஃப்ரீ ஃபயர்.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்க வேண்டும். ஆளில்லாத தீவில், வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி தேட வேண்டும். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை உயிரோடு இருப்பவருக்கு வெற்றி. அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன், 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியப் படத்திலிருந்து பிடித்த பொறி இது. அவர் கொரிய நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய பப்ஜி 2017-ல் கம்ப்யூட்டருக்கும், 2018-ல் மொபைலுக்கும் வந்தது. அதன் இந்திய வடிவம்தான் பிஜிஎம்ஐ. சிங்கப்பூரைச் சேர்ந்த கரேனா நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயரும் 2017-ல் வந்ததுதான்.

ஆனால், உள்ளே போனால் இரண்டும் வேறு வேறு உலகம்.

முதல் வித்தியாசம் நேரம். பிஜிஎம்ஐ-யின் வழக்கமான ஆட்டத்தில் 100 பேர். 'எராங்கல்' என்ற அதன் புகழ்பெற்ற மைதானம் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். கடைசிவரை தாக்குப்பிடித்தால் ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். ஃப்ரீ ஃபயரில் 50 பேர்தான், மைதானமும் சின்னது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை. இரண்டையும் நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பழைய வீடியோ கேம் போல 'பாஸ்' பட்டன் இதில் கிடையாது. பிள்ளை எழுந்து வந்தால் அவனோடு சேர்ந்து ஆடும் மூன்று நண்பர்களும் மாட்டிக்கொள்வார்கள், அவனுடைய ரேங்க்கும் இறங்கும். "வர மாட்டேங்கிறான்" என்று நாம் நினைக்கும்போது, பாதியில் விட்டு வந்தால் நாளை ஸ்கூலில் யார் முகத்தில் விழிப்பது என்ற கவலையில் அவன் இருக்கலாம்.

சண்டை என்று வந்தால் பிஜிஎம்ஐ-யின் கைதான் ஓங்கியிருக்கிறது. அதில் துப்பாக்கிக்கு ஓர் எடை இருக்கிறது. தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி மேலே ஏறும், அதைக் கீழே இழுத்துப் பிடிக்கப் பழக வேண்டும். தூரத்தில் இருப்பவனைச் சுட்டால் தோட்டா போகப் போகத் தாழும், அதைக் கணக்கிட்டுச் சற்று மேலே குறிவைக்க வேண்டும். ஓடுகிறவன் என்றால் அவனுக்குக் கொஞ்சம் முன்னால் சுட வேண்டும். சில பிள்ளைகள் பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்ததுபோல போனையே அப்படியும் இப்படியும் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது விளையாட்டுக் கோமாளித்தனம் அல்ல. போனில் உள்ள ஜைரோஸ்கோப்பை வைத்துக் குறிபார்க்கிறார்கள். எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம் என்பதால், ஹெட்போன் இல்லாமல் ஆட மாட்டார்கள். அம்மா கூப்பிடுவது கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்!

இந்த நிஜத்தன்மையே அதன் பலவீனமும்கூட. இருபது நிமிடம் துப்பாக்கி, தோட்டா, ஹெல்மெட், மருந்துப் பெட்டி என்று பொறுக்கிச் சேர்த்து, காடு மேடெல்லாம் ஓடி, எங்கோ ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்த ஒரே தோட்டாவில் ஆட்டம் முடியும். சுட்டது யார் என்றுகூடத் தெரியாது. அந்த எரிச்சலில்தான் "இன்னொரு மேட்ச்" என்று மறுபடி உட்காருகிறார்கள். அத்தோடு, பிஜிஎம்ஐ சரளமாக ஓட நல்ல போன் வேண்டும். விலை குறைந்த போனில் படம் திக்கித் திணறும், போன் சுடும், சார்ஜ் கரையும். 'போன் மாத்திக் கொடுப்பா' என்ற பேச்சு பல வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது.

ஃப்ரீ ஃபயர் ஜெயித்தது அந்த இடத்தில்தான். அப்பா பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போனிலும் ஓடும்படி இலகுவாகச் செய்யப்பட்டது அது. பிரேசில், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளில் அது காட்டுத்தீயாகப் பரவியதற்கு அதுவே பெரிய காரணம். 2021-ல் சிங்கப்பூரில் நடந்த அதன் உலகப் போட்டியை ஒரே நேரத்தில் 54 லட்சம் பேர் வரை ஆன்லைனில் பார்த்தார்கள். ஆட்டமும் விறுவிறுப்பு. குறிபார்ப்பதற்கு கேமே கொஞ்சம் கை கொடுக்கும் என்பதால், புதிதாக வருபவரும் முதல் நாளே இரண்டு பேரையாவது வீழ்த்திவிடலாம். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் ஒரு கணத்தில் 'குளூ வால்' என்ற சுவரை எழுப்பி அதன் பின்னால் ஒளியலாம். கைதேர்ந்தவர்கள் அதைப் போடும் வேகம் பார்க்கவே அழகு. பிஜிஎம்ஐ டெஸ்ட் மேட்ச் என்றால், ஃப்ரீ ஃபயர் தெருமுனையில் ஆடும் ஆறு ஓவர் கிரிக்கெட்.

காசு எங்கே நுழைகிறது?

ஃப்ரீ ஃபயரில் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு தனித்திறமை உண்டு. கெல்லி வேகமாக ஓடுவாள். அலோக் தன்னைச் சுற்றியிருப்பவர்களின் உயிர்ச்சக்தியைக் கூட்டுவான். இப்படிப் பல திறமைகளைச் சேர்த்துக்கட்டி நமக்கென்று ஓர் ஆளை உருவாக்கலாம். இது சுவாரஸ்யம்தான். ஆனால், நல்ல கேரக்டர்கள் பலவற்றை சீக்கிரம் பெற 'டைமண்ட்' வேண்டும். டைமண்டுக்குக் காசு வேண்டும். அதோடு நிற்கவில்லை. துப்பாக்கிக்குப் போடும் 'ஸ்கின்' என்ற மேல்பூச்சு வெறும் அலங்காரம் இல்லை. பல ஸ்கின்கள் துப்பாக்கியின் சேதம், வேகம், தூரம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றைக் கூட்டும், இன்னொன்றைச் சற்றுக் குறைக்கும். அதாவது, பணம் போட்டவன் கையில் உள்ள துப்பாக்கியும் போடாதவன் கையில் உள்ள துப்பாக்கியும் ஒன்றல்ல. ஃப்ரீ ஃபயரின் பெரிய குறை இதுதான்.

பிஜிஎம்ஐ-யிலும் பணம் கொட்டுகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் 'யூசி'. பளபளக்கும் சட்டை, பனி படர்ந்த துப்பாக்கி என்று ஆசை காட்டும் குலுக்கல் பெட்டிகள் அங்கேயும் உண்டு. எத்தனை முறை சுழற்றினால் கேட்டது கிடைக்கும் என்று தெரியாது. ஆனால், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாலும் குண்டு பட்டால் சட்டென்று சாய வேண்டியதுதான். பத்துப் பைசா செலவழிக்காத பையன் அவனை வீழ்த்தலாம். அந்த நியாயம் பிஜிஎம்ஐ-யில் இருக்கிறது.

இன்னொன்றும் அதற்குச் சாதகம். 2021 ஜூலையில் வந்தபோதே, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் போன் எண்ணைக் கேட்டது. ஒரு நாளைக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய் என்று வரம்பும் வைத்தது. ரத்தம் சிவப்பாக அல்லாமல் பச்சையாகத் தெறிக்கும்படி மாற்றியது. நாளொன்றுக்கு 7,000 ரூபாய் என்பது எந்த நடுத்தரக் குடும்பத்தை மனதில் வைத்துப் போட்ட வரம்போ! அந்த வரம்பும், பிள்ளை தன் வயதை உண்மையாகச் சொன்னால்தான். வீட்டில் எல்லா ஓடிபி-யும் பிள்ளையே பார்த்துச் சொல்கிறான் என்றால், அந்தப் பூட்டுக்குச் சாவியும் அவனிடமே இருக்கிறது.

இரண்டையும் அரசு ஒரு கட்டத்தில் இழுத்துப் பூட்டியிருக்கிறது. சீனத் தொடர்புள்ள 118 செயலிகளோடு 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் போனது. கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதை பிஜிஎம்ஐ-யாகக் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைப்பட்டது. ஆனால், கூடுதல் தரத்தில் வந்த அதன் அண்ணன் 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' தப்பித்தது. பிள்ளைகள் பழைய கணக்கோடு அப்படியே அதற்குக் குடிபெயர்ந்தார்கள். தடை வந்தபோது "இனி படிப்பான்" என்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட வீடுகளில், அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைத்திருக்காது.

துப்பாக்கியைவிடப் பெற்றோர் காது கொடுக்க வேண்டியது வேறொன்றுக்கு. இரண்டிலும் குரல்வழிப் பேச்சு உண்டு. முன்பின் தெரியாதவர்களோடு அணி சேர்த்துவிட்டால், ஹெட்போனுக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பப்ஜி நேரலையில் ஆபாசமாகப் பேசிவந்த யூடியூபர் ஒருவர் 2021 ஜூனில் தர்மபுரியில் கைதானபோதுதான், தங்கள் பிள்ளைகள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே பலருக்குத் தெரிந்தது. நண்பர்கள் தவிர மற்றவர்களின் குரலை அடைத்துவைக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறது. பிள்ளையையே எடுத்துக் காட்டச் சொல்லலாம், காட்டத் தெரியாத பிள்ளை கிடையாது.

ஆக, எதை அனுமதிப்பது? கேம் என்ற அளவில் பிஜிஎம்ஐ ஒரு படி மேல். பொறுமையும் பயிற்சியும் உள்ளவன் அதில் ஜெயிக்கிறான். ப்ளஸ் டூ தாண்டிய, நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு அது பொருந்தும். பள்ளி நாளில், பழைய போனில், சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் என்றால் ஃப்ரீ ஃபயர்தான் வீட்டுக்கு ஒத்துவரும். ஒரே நிபந்தனை, அந்த போனில் யுபிஐ இருக்கக் கூடாது, பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்க வேண்டும். பிஜிஎம்ஐ-யே வேண்டும் என்று அடம்பிடித்தால் அதிலும் குட்டி ஆட்டம் ஒன்று உண்டு. நாலுக்கு நாலு பேர் மோதும் 'டீம் டெத் மேட்ச்'சில், முதலில் 40 பேரை வீழ்த்தும் அணி ஜெயிக்கும். பத்து நிமிடம்கூட ஆகாது. "ஒரே ஒரு டிடிஎம், அப்புறம் தோசை" என்று அம்மா சொன்னால், பையன் ஒரு கணம் திகைத்துப் போவான்.

ஃப்ரீ ஃபயர் ரசிகர்களுக்கு ஒரு ஏக்கம் உண்டு. 2023 ஆகஸ்ட் கடைசியில், தோனியை விளம்பரத் தூதராக வைத்து 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' வரப்போகிறது என்று கரேனா அறிவித்தது. அவரையே ஒரு கேரக்டராக்கி, 'தல' என்று பெயரும் வைத்தது. சென்னைப் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? செப்டம்பர் 5 என்று நாளும் குறித்தார்கள். அதற்கு முதல் நாள், சில வாரங்கள் தள்ளிப்போகிறது என்று தகவல் வந்தது. சில வாரங்கள் பல மாதங்களாக நீண்டன. 'தல' வராமலே பிள்ளைகள் மேக்ஸில் பூயா அடித்துக்கொண்டிருந்தார்கள்.