செயின் லூசாவது ஏன்?

மழைக்காலத்தில் மண்சாலையில் ஓடி வந்த சைக்கிளின் செயினைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கறுப்பாக ஒரு பசை அப்பியிருக்கும். சைக்கிளை நிறுத்திவிட்டு, அதில் துளி எடுத்து இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று உறுத்தும். அது வெறும் எண்ணெய் அல்ல. எண்ணெயில் குழைந்த மணலும் தேய்ந்த இரும்புத்தூளும் சேர்ந்த கலவை.

செயின் லூசாவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பசைதான். செயின் இழுபட்டு நீண்டுவிட்டது என்று பலரும் சொல்வார்கள். நாம் மிதிக்கிற மிதிக்குச் செயினின் எஃகுத் தகடு அப்படி நீளாது. தேய்வது வேறோர் இடம்; செயினின் அமைப்பைப் பார்த்தால் புரியும். ஹான்ஸ் ரெனால்ட் என்ற பொறியாளர் 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உருவாக்கிய உருளைச் செயின்தான் இன்றைக்கும் நம் சைக்கிளில் ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு இணைப்பது ஒரு சிறிய பின். அதைச் சுற்றி ஓர் உருளை. பல்சக்கரத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் கண்ணி மடங்குகிறது, பின் உராய்கிறது. இடையில் மணல் புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். பின் தேயத் தேய இடைவெளி கூடும், செயின் தொங்கும்.

அதனால் அழுக்கின் மேலேயே எண்ணெய் ஊற்றுவது உதவாது. அது மணலை இன்னும் உள்ளே கொண்டுபோகும். முதலில் பழைய துணியால் செயினைப் பிடித்துத் துடையுங்கள். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர். நன்றாகக் காயவிட்ட பிறகு, ஒவ்வோர் உருளையிலும் ஒரே ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். மிதியைக் கையால் பின்பக்கமாகச் சுற்றினால் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு வெளியே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு உள்ளேதான் வேலை; வெளியே நின்றால் தூசியை இழுக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம், காற்றுப் பட்டுப் பிசுபிசுத்துப்போகும். செயினும் பல்லும் சேரும் இடத்தில் விரல் போகவே கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சுத்தம் செய்த பிறகும் 'டக்' என்று சத்தம் வருகிறதா? எண்ணிப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, கருவியே வேண்டாம். மிதி ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்' என்றால் மிதியோ, மிதியின் கையை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னோ தளர்ந்திருக்கலாம். ஒரு சுற்றுக்குள் இரண்டு மூன்று முறை கேட்டால் பின்சக்கரத்தைப் பாருங்கள். அது மிதியைவிட வேகமாகச் சுற்றுகிறது. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறைதான் கேட்கிறதா? செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கும். செயினில் 110 கண்ணியும் முன்பல்சக்கரத்தில் 44 பல்லும் இருந்தால், அந்தக் கண்ணி மறுபடி அதே இடத்துக்கு வர இரண்டரைச் சுற்று ஆகும். மிதியை மெதுவாகப் பின்னால் சுற்றுங்கள். மடங்க மறுத்துத் துள்ளும் கண்ணி கண்ணில் படும். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்ல அசைத்துக் கொடுங்கள்.

தேய்மானத்தை அளக்க உங்கள் ஸ்கேலே போதும். ஒரு கண்ணிக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து 20-வது பின் 254 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். 256-ஐத் தாண்டிவிட்டதா? அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லிச் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பல்சக்கரமும் தேயும். அப்புறம் புதுச் செயின் போட்டாலும் தேய்ந்த பல்லில் சரியாக உட்காராது, செலவும் கூடும்.