மஞ்சள் விளக்கு எரிந்தால்…

சென்னையிலிருந்து உதிரிபாகம் கப்பலேறி அந்தமானை அடைய ஏறத்தாழ மூன்று நாட்களாகும். ஆகவே காரின் சிறு வேலைகளை இங்கு நாமே பார்த்துக்கொள்கிறோம். காற்று வடிகட்டியை மாற்றிய மறுநாளே எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சென்சார் பழுதென்று புதியதை வரவழைக்க வேண்டா. நாம் கைவைத்த இடத்தையே முதலில் பார்ப்போம். சென்சாரின் இணைப்பு முழுதாகப் பொருந்தாதிருக்கலாம். காற்றுக்குழாயின் கிளிப் தளர்ந்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைத்தால், பழுதைச் சுட்டும் குறியீடும் அழியக்கூடும். அதனை ஸ்கேனரில் படித்தறிவதே முறை. ‘பி0171’ என்பது கலவையில் காற்று மிகுதி என்று மட்டுமே கூறும். எப்பாகம் பழுது என்று கூறாது. (அதன் விளக்கத்தில் வரும் ‘பேங்க் 1’ நம் வங்கியன்று, சிலிண்டர் வரிசை!) விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தாமதம் கூடாது. எரியாத பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்; வண்டியை அங்கேயே ஓரங்கட்டி மெக்கானிக்கை அழைப்போம்.