சான்று எங்கே? – 12: இல்லாத ஆய்வும் விடுபட்ட ஆய்வும்

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மீளாய்வு செய்யும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பற்றிப் போன வாரம் சொல்லியிருந்தேன். வட்டத்துக்குள் ஏழு கிடைக்கோடுகள், அடியில் ஒரு வைரக் குறி. ஏழு கோடும் ஏழு ஆய்வுகள்; வைரம், அவற்றைச் சேர்த்துப் பார்த்த முடிவு. குறைமாதப் பிரசவம் நேரலாம் என்ற நிலையில் இருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்பது கேள்வி. முதல் ஆய்வு 1972இல் நியூசிலாந்திலிருந்து வந்தது. தனித்தனியே பார்த்தால் பெரும்பாலானவை எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. சேர்த்துப் பார்த்தபோதுதான் பலன் தெரிந்தது.

இப்படி ஆய்வுகளைத் தேடிச் சேர்க்கும் வேலையை சாட்ஜிபிடியிடம் விட்டுவிடலாமா என்று இப்போது கேட்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஒரு முறையான மீளாய்வை முடித்து வெளியிடச் சராசரியாக 67 வாரம் ஆகிறது என்று 2017இல் கணக்கிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆய்வுச் சுருக்கங்களை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, வேண்டும், வேண்டாம் என்று பிரிக்க வேண்டும்.

ஏஐ இல்லாத ஆய்வை இட்டுக்கட்டிவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இட்டுக்கட்டும்தான். என்னைக் கேட்டால் அது சின்னத் தலைவலி. தலைப்பைத் தேடிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ஆபத்து, விடுபட்ட ஆய்வில்தான். 'வேண்டாம்' குவியலில் போய் விழுந்ததை யார் மறுபடி புரட்டப்போகிறார்கள்? ஆட்கள் ஏற்கெனவே பிரித்துவைத்த சில நூறு சுருக்கங்களை முதலில் கொடுத்து, வேண்டியவற்றில் எத்தனையைக் கோட்டைவிடுகிறது என்று பார்த்த பிறகே மீதியைத் தர வேண்டும். '95 சதவீதம் சரி' என்று யாராவது சொன்னால் மயங்கிவிடாதீர்கள். ஆயிரத்தில் ஐம்பதுதான் வேண்டியவை என்றால், ஆயிரத்தையும் 'வேண்டாம்' என்று தள்ளினாலே அந்த மதிப்பெண் வந்துவிடும்!

தேர்ந்தெடுத்த ஆய்வின் அட்டவணையிலிருந்து எண் எடுப்பது இன்னும் வில்லங்கம். '12.4 ± 1.1' என்றிருக்கிறது. பின்னால் இருப்பது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா? விடை அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும். 100 பேர் கொண்ட குழுவில் திட்டப் பிழை, திட்ட விலக்கத்தில் பத்தில் ஒரு பங்கு. திட்டப் பிழையைத் திட்ட விலக்கம் என்று எடுத்துக்கொண்டால், எளிய கணக்குமுறையில் அந்த ஆய்வின் எடை நூறு மடங்கு ஏறிவிடும். வைரக் குறியே அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். மனிதர்களும் இந்தத் தப்பைச் செய்கிறவர்கள்தான். ஆனால் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்பார்கள். ஏஐ பெரும்பாலும் கேட்காது, தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே தோரணையில் எழுதிவிடும். அதனால் எடுத்த ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று கேட்டு வாங்கி, மூலத்தைத் திறந்து ஒருவர் ஒப்பிட்டாக வேண்டும்.

2025இல் காக்ரேன், கேம்பல், ஜேபிஐ, சுற்றுச்சூழல் சான்றுகளுக்கான கூட்டமைப்பு ஆகிய நான்கு மீளாய்வு அமைப்புகளும் சேர்ந்து தங்கள் நிலைப்பாட்டை வெளியிட்டன. ஆய்வுமுறையின் கண்டிப்பும் நேர்மையும் குலையாது என்று காட்ட முடிந்தால் ஏஐயைப் பயன்படுத்தலாம். பொறுப்பு மீளாய்வு எழுதியவர்களுடையது. தீர்மானம் எடுக்கும் இடத்தில் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். மாடலின் பெயரோடு பதிப்பு, தேதி, கொடுத்த கட்டளை எல்லாவற்றையும் குறித்துவைப்பது நல்லது. நிறுவனம் மாடலை மாற்றிவிட்டால், அதே கட்டளைக்கு அடுத்த மாதம் வேறு பதில் வரலாம்.

இன்னொன்று: சந்தா கட்டி எடுத்த கட்டுரையின் பிடிஎஃப்பைப் பொதுத் தளத்தில் ஏற்றுமுன் உரிம விதியைப் படியுங்கள். நோயாளிகளின் விவரம் உள்ள கோப்பு என்றால் ஏற்றவே வேண்டாம்.