எபிசோட் எழுத்து வடிவம்: படகோட லேப்டாப் பேசணும்னா

எங்க ஊர் மங்களூர், விருத்தாசலம் பக்கம். செராமிக் சூளை தெரியும், கடல் தெரியாது. ஆனா போன மாசம் கடலூர் முதுநகர் துறைமுகத்துல, நண்பரோட மாமா படகுல இருந்த ஜிபிஎஸ்ஸை என் லேப்டாப்போட இணைக்கப் போனேன். அதுல கத்துக்கிட்டதுதான் இன்னிக்கு எபிசோட்.

படகுக் கருவிகள் பேசிக்கிற மொழி ரெண்டு. பழசு என்எம்ஈஏ 0183. ஒரு கருவி பேசும், மத்ததெல்லாம் கேட்கும். வேகம் பொதுவா 4800 பாட். ஏஐஎஸ் கருவிக்கு 38400. புதுசு என்எம்ஈஏ 2000. இது கார்ல, டிராக்டர்ல இருக்கிற கேன் பஸ் குடும்பம். எல்லாக் கருவியும் ஒரே கேபிள்ல, நொடிக்கு 250 கிலோபிட்ல பேசும்.

ரெண்டுக்கும் அடாப்டர் வேற வேற. 0183-க்கு ஆர்எஸ்-422 யூஎஸ்பி அடாப்டர் போதும். ஜிபிஎஸ்ஸோட ரெண்டு அவுட்புட் ஒயரையும் அடாப்டரோட இன்புட்ல பிளஸ், மைனஸ் பார்த்துக் கொடுக்கணும். 2000-க்கு கேன் புரியுற தனி கேட்வே வேணும். அந்தக் கேபிளோட ரெண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் இருக்கணும். பவரை அணைச்சுட்டு மல்டிமீட்டர்ல ரெண்டு டேட்டா ஒயருக்கு நடுவுல அளந்தா சுமார் 60 ஓம் காட்டணும். 120 காட்டினா ஒரு டெர்மினேட்டர் காணோம்னு அர்த்தம். எது வாங்கினாலும் ஐசொலேஷன் உள்ளதா வாங்குங்க. படகு மின்சாரத்துல கோளாறு வந்தாலும் லேப்டாப் தப்பிக்கும்.

திரையில புரியாத எழுத்தா கொட்டுதா? பெரும்பாலும் பாட் வேகம் தப்பு. விண்டோஸ்ல மவுஸ் தானா குதிக்குதா? ஜிபிஎஸ்ஸை பழைய சீரியல் மவுஸ்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு. டிவைஸ் மேனேஜர்ல அந்த மவுஸை டிசேபிள் பண்ணுங்க.

எனக்கு டேட்டா சரியாவே வந்தது. ஆனா நானே எழுதின பைத்தான் ஸ்கிரிப்ட் மேப்பைக் காட்டினதும் மாமா சிரிச்சார். "தம்பி, படகு சேத்தியாத்தோப்புக்கு மேற்கே வயக்காட்டுல நிக்குதே!"

என்ன நடந்தது? 1142-ன்னு ஆரம்பிக்கிற அட்சரேகையை நான் 11.42 டிகிரின்னு படிச்சுட்டேன். உண்மையில அது 11 டிகிரி, 42 நிமிஷம். அதாவது 11.70. தீர்க்கரேகையிலும் அதே தப்பு. மொத்தம் சுமார் 45 கிலோமீட்டர் விலகல்!

கரையில இது சிரிப்பு. பாக் நீரிணையில 1974-ல ஒப்பந்தம் போட்ட கடல் எல்லைக்குப் பக்கத்துல இதே தப்பு நடந்தா, மேப்ல வயக்காடு தெரியாது. வெறும் நீலம்தான் தெரியும். தப்புன்னு யாருக்கும் தோணாது. எல்லை தாண்டினதுக்காகப் படகும் போகலாம், ஆளும் சிறைக்குப் போகலாம்.

அதனால இலவசமா கிடைக்கிற ஓப்பன்சிபிஎன் மாதிரி பலர் சோதிச்ச மென்பொருள்ல முதல்ல பாருங்க. ஜெட்டியில நிற்கும்போதே ஜிபிஎஸ் திரையோட ஒப்பிடுங்க. அப்புறமும் லேப்டாப் துணைக்குத்தான். வழி காட்டுறது படகோட ஜிபிஎஸ்தான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.