நான்கே பட்டன்களில் டிவி ரிமோட்!

டிவி ரிமோட்டில் எத்தனையோ பட்டன்கள். கண்பார்வை மங்கிய என் பாட்டிக்குத் தேவைப்பட்டவை நான்குதான்: பவர், அடுத்த சானல், ஒலியைக் கூட்ட, குறைக்க. வேறு பட்டனில் கை பட்டுவிட்டால், வீட்டுக்கு யாராவது வரும் வரை சும்மா உட்கார்ந்திருப்பார். எனவே நான்கு காலிங் பெல் சுவிட்சுகளைக் கொண்டு ஒரு ரிமோட் செய்து கொடுத்தேன். நீங்களும் செய்யலாம்.

ரிமோட்டின் முனையில் உள்ள எல்இடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கும் வேகத்தில் அனுப்புகிறது. ஒவ்வொரு பட்டனுக்கும் தனிக் குறியீடு உண்டு.

பழுதான ரிமோட்டிலிருந்து எல்இடியைக் கழற்றி, 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக அர்டுயினோ யூனோ போர்டின் 3ஆம் பின்னில் இணையுங்கள். மறுகாலை கிரவுண்டில் இணையுங்கள். விஎஸ் 1838பி ரிசீவரையும் பொருத்தி, ஐஆர்ரிமோட் என்ற இலவச லைப்ரரி மூலம் நல்ல ரிமோட்டின் குறியீடுகளைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னர் சுவிட்சுக்கு ஒரு குறியீடாக புரோகிராம் எழுதி, போர்டில் ஏற்றுங்கள்.

எல்இடி எரிகிறதா என்று அறிய, செல்போன் கேமரா வழியே பாருங்கள். பல கேமராக்களில் வெளிர் ஊதா ஒளி தெரியும்.

ஏசி ரிமோட்டை முதலில் முயல வேண்டாம். பெரும்பாலான ஏசி ரிமோட்கள் ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, விசிறி வேகம் என எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பும். டிவியில் தொடங்குங்கள்.