தேடுபொறியும் பனங்கட்டியும்

யாழ்ப்பாணத்துச் சிறு வணிகர் தமது இணையத்தளம் தேடுபொறியின் கண்ணிற்பட விரும்பின், முதலில் எழுத்துருவை ஆராய்தல் வேண்டும். ஈழத்துத் தளங்கள் பல ஒருகாலத்தில் 'பாமினி' எழுத்துருவிலே அமைந்தன. அதிற் 'பனங்கட்டி' என்னுஞ் சொல்லின் பகரம் திரையிலே பகரமாகத் தோன்றினும், உள்ளே பதிவாவது ஆங்கில 'ஜி' எழுத்தே. மனிதர் உருவைப் படிக்கின்றனர். பொறியோ குறியீட்டைப் படிக்கின்றது. ஆகவே, ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பனங்கட்டியைத் தமிழிலே தேடினால் அக்கடை அகப்படாது. சரக்கு நல்லதாயினும் விற்பனை பிறர்க்கே போய்ச்சேரும்.

1991இல் வெளியான ஒருங்குறி முறையிலே தமிழுக்குத் தனியிடம் உண்டு. பழைய பக்கங்களை அதற்கு மாற்றுவதே முதற்பணி. தமிழகத்தார் 'கருப்பட்டி' என்றே தேடுவர். அப்பெயரையும், கொடிகாமமோ சாவகச்சேரியோ, கடையிருக்கும் ஊரின் பெயரையும் தலைப்பிலேயே எழுதிவிடலாம். ஆயினும், சொற்களை வீணே அடுக்கி நிரப்புவதைக் கூகுள் குற்றமாகவே கொள்கின்றது.